1000001: காரணி தேடும்போது விடுகிற பிழைகள்

கிளிநொச்சி, மல்லாவிப் பக்கத்து ரியூசன் கொட்டில்களில் புதிதாக வரும் பிள்ளைகள் பத்து இலட்சத்து ஒன்றில் ஒரே இடங்களில்தான் வழுக்குவார்கள். ஒற்றை எண், 5 இல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 2 என்பதால் 3 ஆலும் வகுபடாது. இவற்றில் பிழை விடுபவர் அரிது, விட்டுவிடுவோம்.

நூறோடு நிறுத்துவது

எரிச்சலூட்டும் பிழை இதுதான். 100 க்குள் 25 முதன்மை எண்கள். கொப்பியில் பக்கம் பக்கமாக 97 வரை வகுத்து, எல்லாவற்றிலும் மீதி வர, "முதன்மை எண், சேர்" என்று பேனையை மூடிவிடுவார்கள். வரம்புக்கு ஒரு முழம் இருக்க மண்வெட்டியைத் தோளில் போட்ட கணக்கு. அடுத்த முதன்மை எண் 101. அதனால் வகுத்தால் 9901, மீதியே இல்லை.

எங்கே நிறுத்தலாம் என்பதை வர்க்கமூலம்தான் சொல்லும். எண் இரு காரணிகளாகப் பிரிந்தால் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 1000001 க்கு அது 1000 ஐச் சற்றே மீறும். ஆகவே 997 வரையுள்ள 168 முதன்மை எண்களும் தோற்ற பிறகே தீர்ப்பு. நூறு என்ற எல்லை பத்தாயிரம் வரைக்கும்தான்.

சேதம் அடுத்த கேள்வியில் தெரியும். 10201 உடன் (101 × 101) பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது) கேட்டால் 1 என்று எழுதுவார்கள், விடை 101. பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) 101000101 ஆக வேண்டியது, 101 மடங்கு வீங்கி 10201010201 ஆகிவிடும்.

வகுக்க முன் வடிவத்தைப் பார்த்திருந்தால் இத்தனை வேலையே இல்லை. 1000001 என்பது 100 இன் கனத்தோடு 1. அப்படியானால் 100 + 1 காரணியாக வந்தே தீரும். மற்றது 10000 − 100 + 1.

9901 ஐ மறுபடி 2 இலிருந்து வகுப்பது

வீண்வேலை. அதன் வர்க்கமூலம் 100 க்குக் கீழே. 97 வரையானவை 1000001 ஐயே வகுக்கவில்லை, அதன் காரணியை எப்படி வகுக்கும்? 9901 முதன்மை எண். மொத்தக் காரணிகள் நான்கு.

முன்பின் ஒன்றாக வாசிக்கலாம், ஆகவே 11 ஆல் வகுபடும் என்பது

இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையானால் மட்டுமே நிச்சயம்: 100001 = 11 × 9091. இங்கே ஏழு இலக்கம். வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து மாறிமாறிக் கழித்துக் கூட்டினால் 1 − 0 + 1 = 2. இந்த 2 ஐ 7, 11, 13 எதுவும் வகுக்காது, ஆகவே இதிலேயே மூன்றும் விழுந்துவிடும்.

பூச்சியம்

ஐந்து. எண்ணிவிட்டு எழுதுங்கள்.