தேடுபொறியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரவுசரில் இயல்புநிலைத் தேடுபொறியை மாற்றுவது அரை நிமிட வேலைதான். மாற்றியது நிலைக்காமல், மறுபடி திறக்கும்போது பழையதே வந்து நிற்பதுதான் பலருக்குத் தலைவலி. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அந்தப் பெயரை அங்கே கொண்டுவந்து வைத்தது எது என்று பார்க்காமல் விடுவதால் வரும் வினை இது.

வரிசை மாறிப்போவது சின்னத் தவறு, ஆனால் நிறையப் பேர் இதில்தான் முதலில் சிக்குகிறார்கள். குரோமில் செட்டிங்ஸ், சர்ச் எஞ்சின், மேனேஜ் சர்ச் எஞ்சின்ஸ் என்று உள்ளே போய், வேண்டாத பெயருக்கு எதிரே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் டெலீட் வேலை செய்யாது. எதுவும் கெட்டுப்போகவில்லை. இயல்புநிலையில் இருக்கும் தேடுபொறியைக் குரோம் நீக்க விடாது. முகவரிப் பட்டியில் எழுதும் சொற்களை எங்காவது அனுப்பியாக வேண்டுமே. முதலில் வேறொன்றை மேக் டிஃபால்ட் செய்யுங்கள். பிறகு பழையதை நீக்கலாம்.

நீக்கியும் திரும்பி வருகிறது என்றால் பெரும்பாலும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான், அதாவது பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்தான் காரணம். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, வானிலை, புதிய டேப் அழகுபடுத்தி என்ற பெயர்களில் உள்ளே வரும். நிறுவும்போது காட்டும் அனுமதிப் பெட்டியில், உங்கள் தேடல் அமைப்பை இன்ன முகவரிக்கு மாற்றும் என்று ஒரு வரி இருக்கும். படிக்காமல் சம்மதம் கொடுத்துவிடுகிறோம். செட்டிங்ஸில் தேடுபொறியின் பெயருக்குக் கீழே, இந்த அமைப்பை ஓர் எக்ஸ்டென்ஷன் கட்டுப்படுத்துகிறது என்ற குறிப்பும் பக்கத்தில் டிஸேபிள் பட்டனும் தெரிந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. டிஸேபிளோடு நிற்காதீர்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய் ரிமூவ் செய்யுங்கள்.

தேடல் கடைசியில் யாஹூவிலோ பிங்கிலோ போய் முடிவதைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் வேலை என்று முடிவுகட்டுவதும் தவறு. இடையில் வேறொரு முகவரி ஒரு நொடி மின்னி மறையும். தேடலை வழிமறிப்பது அதுதான். கடைசியில் வரும் பக்கம் பெரிய நிறுவனத்துடையதாக இருப்பதால் சந்தேகம் வருவதில்லை.

எக்ஸ்டென்ஷனில் ரிமூவ் பட்டனே இல்லை, அல்லது மெனுவின் அடியில் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று வருகிறதா? அலுவலகக் கணினி என்றால் அது முறையான ஏற்பாடு. கை வைக்காமல் நிர்வாகியிடம் கேளுங்கள். சொந்தக் கணினியில் அப்படி வந்தால், ஏதோ ஒரு மென்பொருள் பாலிசி, அதாவது பிரவுசர் மீற முடியாத கட்டாய அமைப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. குரோமின் பாலிசி பக்கத்தில் (chrome://policy) டிஃபால்ட் சர்ச் புரொவைடர் என்று தொடங்கும் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸில் நிறுவப்பட்ட ஆப்களைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்ததை நீக்குங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் இப்படி அமைப்புகளைக் கட்டாயமாக்கும், நீங்கள் போடாத புரொஃபைல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கண்டதையெல்லாம் அழிப்பது ஆபத்து.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு ஒன்று உண்டு. அந்தத் தேடுபொறியின் பெயரைப் போட்டு, நீக்குவது எப்படி என்று அதிலேயே தேடி, முதலில் வரும் கிளீனர் மென்பொருளை இறக்கிக்கொள்வது. விளம்பரமாக வரும் அந்தக் கருவியே அடுத்த தொல்லையைக் கொண்டுவரலாம்.

ஒரே கணக்கில் இருக்கும் கணினிகளின் பிரவுசர் அமைப்புகளை ஒன்றுபோல வைக்கும் சிங்க்கையும் மறந்துவிடாதீர்கள். ஒரு கணினியில் சுத்தம் செய்தாலும், அதே கணக்கில் திறந்திருக்கும் இன்னொரு கணினியிலிருந்து எக்ஸ்டென்ஷன் திரும்பி வந்துவிடலாம். சிங்க்கை நிறுத்தி, எல்லாக் கணினிகளிலும் நீக்கி முடித்த பிறகு திரும்பப் போடுங்கள்.

ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. எட்ஜில் முகவரிப் பட்டிக்கு ஓர் அமைப்பு, புதிய டேபில் நடுவே இருக்கும் தேடல் பெட்டிக்கு இன்னொரு அமைப்பு. இரண்டாவதை அட்ரஸ் பார் என்று மாற்றாவிட்டால் அந்தப் பெட்டி பிங்கிலேயே தேடும். ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் பிரைவேட் ஜன்னலுக்குத் தனித் தேடுபொறி வைக்கலாம் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள். பிரவுசர் திறந்ததும் வரும் பக்கம், ஹோம் பட்டன் இரண்டும் தேடுபொறியோடு சேர்ந்தவை அல்ல. அவற்றையும் சரிசெய்த பிறகும் அந்நியப் பக்கம் திறந்தால், டெஸ்க்டாப் ஐகானின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். நிரலின் பெயருக்கும் மேற்கோள் குறிக்கும் பிறகு ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை மட்டும் அழித்தால் போதும்.

பட்டியலில் இல்லாத தேடுபொறியைக் கையால் சேர்ப்பவர்கள், அதன் முகப்பு முகவரியை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எதைத் தேடினாலும் முகப்புப் பக்கம்தான் திறக்கும். அந்தத் தளத்தில் ஒரு சொல்லைத் தேடி, முடிவுப் பக்கத்தின் முகவரியை எடுத்து, தேடிய சொல் இருக்கும் இடத்தில் சதவீதக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சிற்றெழுத்து எஸ்ஸும் போட வேண்டும். பழைய சொல்லை அழிக்க மறந்தால் ஒவ்வொரு தேடலிலும் அதுவும் சேர்ந்து போகும்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவ அவசரப்படாதீர்கள். உங்கள் அமைப்புகள் அடங்கிய பழைய பிரவுசர் புரொஃபைல் வட்டிலேயே தங்கிவிட்டால் தொல்லையும் கூடவே வரும். குரோமின் ரீசெட் செட்டிங்ஸ் இதைவிட நல்லது. தேடுபொறியும் தொடக்கப் பக்கமும் பழைய நிலைக்குத் திரும்பும், எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும், குக்கீகள் அழியும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் முகப்புத் திரையில் இருக்கும் கூகுள் பட்டி தனி விட்ஜெட். குரோமில் எதை மாற்றினாலும் அது கூகுளிலேயே தேடும். வேண்டாமென்றால், எடுக்க முடிகிற போன்களில் அந்த விட்ஜெட்டை எடுத்துவிட்டு, நீங்கள் தேர்ந்த தேடுபொறியின் விட்ஜெட்டை வைத்துக்கொள்ளலாம். பழைய தேடுபொறியில் உங்கள் கணக்கோடு சேர்ந்த தேடல் வரலாறு இருந்தால், அதை அந்தக் கணக்குக்குள் போய்த்தான் அழிக்க முடியும்.