‘இப்போது’ என்று கேட்டால் டேட்டாபேஸ் எந்த நேரத்தைத் தரும்?

டேட்டாபேஸிடம் இப்போதைய நேரத்தைக் கேட்கும் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் என்று எழுதுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வேண்டியது டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே நிறைவேறும் கட்டளைத் தொகுதி) தொடங்கிய நேரமா, ஸ்டேட்மென்ட் (ஒரு தனிக் கட்டளை) தொடங்கிய நேரமா, ஃபங்ஷன் ஓடும் அந்தக் கணமா? டேட்டாபேஸ் மொழிக்கான எஸ்க்யூஎல்-92 தரநிலை, ஒரே ஸ்டேட்மென்டில் நேர ஃபங்ஷன் எத்தனை முறை வந்தாலும் ஒரே சமயத்தில் கணக்கிட்டதுபோல இருக்க வேண்டும் என்கிறது. அது எந்தச் சமயம் என்பதை டேட்டாபேஸ் தயாரிப்பவர்களிடமே விட்டுவிட்டது. வேறுபாடெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

போஸ்ட்கிரெஸில் நவ்(), கரண்ட்_டைம்ஸ்டாம்ப் இரண்டுமே டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைத் தரும். சோதித்துப் பார்க்க, முதலில் ‘பிகின்;’ கொடுங்கள். பிறகு ‘செலக்ட் நவ்(), கிளாக்_டைம்ஸ்டாம்ப்();’, அடுத்து 2 விநாடி காத்திருக்க ‘செலக்ட் பிஜி_ஸ்லீப்(2);’, மறுபடி முதல் செலக்ட். நவ்() அசையாது, கிளாக்_டைம்ஸ்டாம்ப்() 2 விநாடிக்கு மேல் நகர்ந்திருக்கும். பிகின் கொடுக்க மறந்தால் ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் தனி டிரான்சாக்‌ஷன் ஆகிவிடும், வித்தியாசமே தெரியாது. ஸ்டேட்மென்ட் அளவில் நேரம் வேண்டுமென்றால் ஸ்டேட்மென்ட்_டைம்ஸ்டாம்ப்() இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல்லில் நவ்() ஸ்டேட்மென்ட் தொடங்கிய நேரம். ட்ரிக்கருக்குள் (டேட்டா மாறும்போது தானாக ஓடும் நிரல்) அழைத்தாலும், அந்த ட்ரிக்கரைக் கிளப்பிய ஸ்டேட்மென்டின் நேரமே வரும். சிஸ்டேட்() மட்டும் ஓடும் கணத்தைத் தரும். அதை, வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் போடாதீர்கள்: மதிப்பு நடுவில் மாறக்கூடும் என்பதால் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பயன்படாது. போஸ்ட்கிரெஸின் கிளாக்_டைம்ஸ்டாம்புக்கும் இதே கதிதான். இன்னொன்று, மைஎஸ்க்யூஎல்லின் நவ்() விநாடியோடு நின்றுவிடும். மைக்ரோவிநாடி வேண்டுமென்றால் நவ்(6) என்று எழுதி, அதைச் சேமிக்கும் நெடுவரிசையையும் டேட்டைம்(6) என்றே அமையுங்கள்.

ஆரக்கிளில் சிஸ்டேட் சர்வர் ஓஎஸ்ஸின் நேரம், கரண்ட்_டைம்ஸ்டாம்ப் செஷனின் டைம்ஸோன் நேரம். இரண்டையும் கலந்து கழித்தால் சர்வர் யூடிசியிலும் (உலகப் பொது நேரம்) செஷன் இந்திய நேரத்திலும் இருக்கையில் ஐந்தரை மணி நேரம் பிசகும். எஸ்க்யூஎல் சர்வரின் கெட்டேட்() டைம்ஸோன் தகவல் இல்லாமல் வரும், சிஸ்டேட்டைம்ஆஃப்செட்() நம்பகமானது. எஸ்க்யூலைட்டின் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் எப்போதும் யூடிசிதான்: இந்தியாவில் அதிகாலை 4 மணிக்குச் சேர்த்த பதிவு முந்தைய நாள் 22:30 என்று நிற்கும், தினசரி ரிப்போர்ட்டில் நாள் மாறிப்போகும்.

மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறுபவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது வரிசைப்படுத்தல். ஒரே டிரான்சாக்‌ஷனில் லூப் போட்டு 500 வரிகளைச் சேர்த்தால் 500-க்கும் ஒரே நேரம். கிரியேட்டட்_அட் வைத்து ஆர்டர் பை செய்தால் வரிசை குலையும். ஐடியையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள்.

இதைவிட ஆபத்தானது, ‘கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிந்தியவை’ என்று புதிய வரிகளை எடுத்து வேறோர் இடத்தில் நகலெடுக்கும் சிங்க் வேலை. 10:00-க்குத் தொடங்கிய டிரான்சாக்‌ஷன் 10:05-க்குத்தான் கமிட் (நிரந்தரமாகப் பதிவு) ஆகிறது என்றால், அதன் வரிகளில் 10:00 என்றே இருக்கும். 10:03-க்கு ஓடிய சிங்குக்கு அவை கண்ணில் படாது. அதற்குள் 10:02 வரை பார்த்தாகிவிட்டது என்று குறித்திருந்தால், அடுத்த முறை தாண்டிப் போய்விடும், எரரும் வராது. கிளாக்_டைம்ஸ்டாம்புக்கு மாற்றினாலும் இது முழுதாகத் தீராது, ஏனென்றால் கமிட் அதற்கும் பிறகுதான். போஸ்ட்கிரெஸில் இப்போது ஓடுபவற்றைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில், தொடங்கிய நேரமான எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் (xact_start) பார்த்து, உங்கள் டிரான்சாக்‌ஷன்கள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்று கணியுங்கள். ஒவ்வொரு சிங்கிலும் அதைவிடக் கூடுதலாகப் பின்னால் போய்ப் படித்து, ‘இன்சர்ட் ... ஆன் கான்ஃப்ளிக்ட்’ மூலம் பிரைமரி கீ அடிப்படையில் எழுதுங்கள். மறுபடி வரும் வரிகள் இரட்டிக்காது.