ஓபல் மோதிரத்தைப் பாலில் போடுவதற்கு முன்னால்

"கல்லை மாத்திட்டாங்கடா" என்று ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அத்தை போன் செய்தார். முதல் நாள் ராத்திரி புது ஓபல் மோதிரத்தைக் காய்ச்சாத பசும்பாலில் போட்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார், காலையில் குளித்துவிட்டு வந்து எடுத்துப் பார்த்தால் உள்ளே ஓடிக்கொண்டிருந்த பச்சையையும் சிவப்பையும் காணோம், உடைந்த சோடா பாட்டில் துண்டு மாதிரி ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் அன்றைக்கு இருந்தது அத்தையும் மாமாவும்தான். மாமாவுக்கு ஓபலுக்கும் கற்கண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

யாரும் எதையும் மாற்றவில்லை. கல் பாலைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான். ஏன் குடித்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் ஊரில் ஓபல் பெரும்பாலும் சுக்கிரனுக்காகத்தான் விரலுக்கு வருகிறது. ரிஷபம், துலாம் ராசிக்காரர்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், சுக்கிர திசை நடக்கிறவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும், "வைரம் வாங்க முடியலைன்னா ஓபல் போடுங்க, அதே பலன்" என்று ஜோசியர் சொல்லிவிடுவார். பலனைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் வைரத்துக்குப் பதில் என்று காதில் விழுந்ததுமே, வைர மோதிரத்தைப் போட்டுக்கொள்வது போல இதையும் போட்டுக்கொள்ளலாம் என்று மனசு முடிவு செய்துவிடுகிறது பாருங்கள், மற்ற எல்லாத் தவறுகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. ஓபல் 5.5 முதல் 6.5 வரை, அதாவது ஜன்னல் கண்ணாடியை விடக் கொஞ்சம் மேல். வீட்டுத் தூசியில், தெருமண்ணில், கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அப்படியென்றால் மேசையில் படிந்திருக்கும் தூசிகூட இந்தக் கல்லைக் கீறும். மோதிரத்தின் மேல் தூசி தெரிந்ததும் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைக்கிறோமே, அது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி. முதலில் ஊதிவிட்டு, அப்புறம் லேசாக ஈரமான மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சமையலறை கிரானைட் மேடையிலும் குவார்ட்ஸ் உண்டு. மாவு பிசையும்போது, மேடையைத் துடைக்கும்போது கல் அதில் ஒரு தடவை உரசினால் போதும்.

இன்னொன்று, ஓபல் எடை குறைந்த கல். வைரத்தின் அடர்த்தி 3.5 என்றால் ஓபலுக்கு 2.1தான், எத்தியோப்பியக் கற்களில் அதற்கும் குறைவு. ஜோசியர் 5 காரட் என்று எழுதிக்கொடுத்தால், ஒரு கிராம், அது விரலில் ஒரு குட்டிக் குன்று மாதிரி எழும்பி நிற்கும். கதவு, பஸ் கம்பி, இரும்பு பீரோ என்று எல்லாவற்றிலும் முதலில் இடிபடுவது அதுதான். வலது கையில் போடச் சொன்னார்கள் என்றால் இன்னும் மோசம். கல்லைச் சுற்றி உலோக விளிம்பு ஏறி மடிந்திருக்கும்படி, கல்லின் உச்சி விளிம்பை விட அதிகம் துருத்தாதபடி கட்டச் சொல்லுங்கள். நாலு நகம் மாதிரிப் பிடித்து நிறுத்தும் டிசைன் பார்க்க அழகு, ஓபலின் ஓரம் தெறிப்பதற்கும் அதுவே சுலபமான வழி.

சரி, பால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஓபல் என்று ஒரே பெயரில் விற்றாலும் விரலில் இருப்பது எந்த ஓபல் என்று தெரியாமல் பராமரிப்பு பேசவே முடியாது, ஒன்றுக்கு ஒன்றும் ஆகாதது இன்னொன்றின் கதையை முடித்துவிடும். எல்லா ஓபலும் அடிப்படையில் சிலிக்காவும் தண்ணீரும்தான். பொதுவாக 3 முதல் 10 சதவீதம் தண்ணீர், சில கற்களில் 20 வரைகூடப் போகும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் லட்டு அடுக்கிய மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும், வெளிச்சம் அந்த அடுக்குக்குள் புகுந்து பிரிவதால்தான் அந்த வண்ண ஓட்டம். 1960களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆஸ்திரேலியக் கற்களில், கூபர் பீடியின் வெள்ளை ஓபலானாலும் லைட்னிங் ரிட்ஜின் கறுப்பு ஓபலானாலும், இந்த உருண்டைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் அநேகமாக அடைபட்டுத்தான் இருக்கும். தண்ணீர் பட்டால் வழிந்து போகும். எத்தியோப்பியாவின் வோலோ பகுதியிலிருந்து வருவது வேறு ரகம். வெகெல் தேனா என்ற ஊருக்குப் பக்கத்தில் 2008இல் கண்டெடுத்தார்கள், சில வருடங்களிலேயே உலகச் சந்தை முழுக்கப் பரவிவிட்டது, ஜெய்ப்பூர் பட்டறைகளில் நிறைய பட்டை தீட்டுகிறார்கள். நம் ஊர் ராசிக்கல் கடையில் கைக்கு அடங்கிய விலையில் பளபளவென்று வண்ணம் காட்டும் ஓபல் கிடைத்தால் அது அநேகமாக இதுதான், பெட்டியில் ஆஸ்திரேலியா என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி. இதற்கு ஹைட்ரோஃபேன் என்று பெயர். சந்துகள் திறந்தே இருப்பதால் ஸ்பாஞ்சு போல உறிஞ்சும். தண்ணீர் நிறைந்துவிட்டால் வெளிச்சம் சிதற வழியில்லாமல் கல் கண்ணாடியாகிவிடும், வண்ணம் மறைந்துவிடும். காய்ந்தால் திரும்ப வரும்.

தண்ணீர் போய்த் தண்ணீர் மட்டும் வெளியே வந்தால் பரவாயில்லை. நாம் போடுவது பால், தேன், மஞ்சள் கலந்த நீர், சில வீடுகளில் பஞ்சாமிர்தம். தண்ணீர் ஆவியாகிப் போகும், கரைந்திருந்த சர்க்கரையும் சாயமும் எங்கே போகும்? உள்ளேயே தங்கிக் கல் மெல்ல மஞ்சளாகும், மங்கும். சர்க்கரை உள்ளே போகுமா என்று சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன், ஆஸ்திரேலியாவின் அந்தமூக்காவில் கிடைக்கும் துளை நிறைந்த ஓபல் பாறையைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, அப்புறம் கந்தக அமிலத்தில் போட்டு உள்ளே போன சர்க்கரையைக் கருக்கி, கறுப்பு ஓபல் மாதிரி ஆக்குவது அந்தத் தொழிலில் வெகுநாளாக உள்ள வித்தை.

பூஜை செய்யாமல் போட மனசு வராது என்றால் ஒரு பூவால் ஒரு சொட்டுப் பாலைத் தொட்டு, மோதிரத்தின் உலோக வளையத்தில் மட்டும் வையுங்கள். கல்லில் வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஏற்கெனவே ஊறிவிட்டதா? இங்கேதான் பதற்றத்தில் இரண்டாவது தவறு நடக்கும். வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, நனைந்த செல்போனைப் போல அரிசி டப்பாவில் புதைப்பது, எதுவும் வேண்டாம். அவசரமாகக் காய்ந்தால் கல்லுக்குள் சிலந்தி வலை போல விரிசல் விழும், விழுந்த விரிசலை எந்தப் பட்டறையிலும் எடுக்க முடியாது. நிழலில், ஒரு துணிமேல், சும்மா விட்டுவிடுங்கள். சில நாள் ஆகலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம்.

ஜோசியர்கள் சொல்லும் இன்னொரு விதி, கல்லின் அடிப்பாகம் தோலைத் தொட வேண்டும் என்று மோதிரத்தின் பின்பக்கத்தைத் திறந்து விடுவது. எத்தியோப்பியக் கல்லில் இது வியர்வைக்கும் சோப்புத் தண்ணீருக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் திறந்து வைத்த வாசல். மேலே மட்டும் கவனமாகத் துடைத்துக்கொண்டிருப்போம், கீழே வழியாக நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டிருக்கும். பின்பக்கம் திறந்துதான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியக் கல்லாகப் பார்த்து வாங்குவது நல்லது, விலை வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது ரகம் ஒட்டுக் கல். மெல்லிய ஓபல் சீவலைக் கறுப்பான ஏதோ ஒரு அடித்தட்டில் பசை போட்டு ஒட்டினால் டப்ளெட், அதற்கு மேலே ஒரு கண்ணாடியோ குவார்ட்ஸோ மூடி போட்டால் டிரிப்ளெட். இரண்டும் மோசடி என்று சொல்ல மாட்டேன், சொல்லி விற்றால் நியாயமான பொருள்தான். சொல்லாமல் விற்பதுதான் வழக்கம் என்பது வேறு கதை. இவற்றின் எதிரி ஊறல். கை கழுவும்போது ஒரு தடவை நனைவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் தினமும் குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் போட்டிருந்தால் பசைக்குள் நீர் புகுந்து ஓரத்திலிருந்து சாம்பல் நிறமாக ஒரு மூட்டம் உள்ளே நகர்ந்து வரும். வாங்கும்போது கட்டாத கல்லாக எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு தெரிந்தால் ஒட்டுக் கல். கட்டி முடித்த மோதிரத்தில் விளிம்பு மூடியிருப்பதால் இதைப் பார்க்கவே முடியாது.

ஹைட்ரோஃபேனா என்று பார்க்க, கல்லின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உருண்டு நிற்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்றும் ஒரு பழைய சோதனை உண்டு, கடைக்காரர் முன்னால் செய்வதா என்பது உங்கள் துணிச்சல். பால் நீலமாகப் பளபளத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும் ஒன்றை ஓபலைட் என்று விற்கிறார்கள். அது வெறும் கண்ணாடி. அதைப் பாலில் போட்டாலும் மோரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

இணையத்தில் சுற்றும் ஒரு அறிவுரை, ஓபல் காய்ந்துவிடாமல் இருக்கத் தண்ணீரிலோ எண்ணெயிலோ போட்டு வைக்க வேண்டும் என்பது. ஆஸ்திரேலியக் கல்லுக்கு அது தேவையில்லை, போட்டாலும் உள்ளே போகாது. ஒட்டுக் கல்லில் பசை போகும். எத்தியோப்பியக் கல்லில் எண்ணெய் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் மாதிரி அது ஆவியாகித் திரும்பி வராது. சில வியாபாரிகள் விரிசலை மறைக்க எண்ணெய் பூசி விற்பதும் உண்டு என்பதால், எண்ணெயில் மிதக்கும் ஓபலைக் கண்டால் நான் ஒரு அடி தள்ளியே நிற்பேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் வீட்டில் நடக்கிறது. வெள்ளி கறுக்காமல் இருக்க நகைப்பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்போமே, அதே பெட்டிக்குள் ஓபலையும் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைப்பது. ஜெல்லும் ஓபலும் கிட்டத்தட்ட ஒரே குலம், இரண்டுமே சிலிக்கா. ஆனால் ஜெல்லின் வேலை ஈரத்தை இழுப்பது, ஓபலுக்கு இருக்கும் ஈரம் அப்படியே இருக்க வேண்டும். தனியாக ஒரு மெல்லிய துணிப் பையில் வையுங்கள். வைரம், நீலம், மாணிக்கம் இருக்கும் பெட்டியில் கலந்து போட்டால் அவை எல்லாமே இதைக் கீறும்.

வெள்ளி மோதிரம் கறுத்ததும் கை தானாகப் பற்பசைக்கோ விபூதிக்கோ போகும். உலோகத்தின் கதை வேறு, கல்லின் மேல் பட்டால் பளபளப்பு போய்விடும். வெள்ளி முக்கும் திரவமும் கூடாது, அதில் அமிலம் இருக்கிறது. வளையத்தை மட்டும் துணியால் தேய்த்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, அதுவும் ஊறவைக்காமல் துடைத்தெடுப்பது, எத்தியோப்பியக் கல் என்றால் அதுகூட வேண்டாம், ஈரத்துணி போதும். சானிடைசர், சென்ட், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் கையில் காய்ந்த பிறகு மோதிரம். மருதாணி வைக்கும் நாளில் கழற்றிப் பீரோவில்.

நகைக்கடையில் "குடுங்க மேடம், ஃப்ரீயா க்ளீன் பண்ணித் தரேன்" என்று வாங்கி அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுவிடுவார்கள். அந்த அதிர்வும் சூடும் ஓபலுக்கு ஆகவே ஆகாது, நீராவி அடித்துக் கழுவுவது அதைவிட மோசம். பட்டறையிலும் அப்படித்தான், மோதிரத்தை ஒரு சைஸ் பெரிதாக்க ஆசாரி ஊதுகுழல் நெருப்பைக் காட்டுவார், அப்புறம் தண்ணீரில் முக்குவார், புளித்தண்ணீரில் கொதிக்கவைத்து அழுக்கெடுப்பார், தங்கத்துக்கு வழிவழியாகச் செய்கிற வேலை, தப்பே இல்லை. கல்லைக் கழற்றிவிட்டுச் செய்தால். கழற்றிக் கட்டுவதற்குக் கூலி கேட்பார், கொடுத்துவிடுங்கள். சின்னக் கீறல்கள் விழுந்த முழு ஓபலை, ஒட்டுக் கல்லாக இல்லாத பட்சத்தில், பட்டை தீட்டுகிறவரிடம் கொடுத்து மறுபடி மெருகேற்ற முடியும் என்பதையும் பலர் தெரிந்துகொள்ளாமல் மோதிரத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள்.

வாங்கும்போது பில்லில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: முழுக் கல்லா ஒட்டுக் கல்லா, எந்த நாடு, நிறத்தை மாற்றச் சாயமோ புகையோ ஏற்றியதா. எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை.

அத்தையின் கல் பன்னிரண்டு நாள் கழித்துக் கண் திறந்தது. பச்சை வந்துவிட்டது, சிவப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது, அடியில் மட்டும் லேசான மஞ்சள் நின்றுவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, முடிந்ததும் பத்திரமாகக் கழற்றி வைத்துவிடுகிறார். எங்கே வைக்கிறார் என்று போன வாரம்தான் பார்த்தேன். பாட்டியின் பழைய குங்குமச் சிமிழில்.