எஸ்.எல்.ஆர் ரைபிளில் கேஸ் ரெகுலேட்டரை அமைப்பது எப்படி?

சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆரில் (செல்ஃப் லோடிங் ரைபிள்) சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழாமல் சிக்கினால், பலரும் முதலில் தோட்டாப் பெட்டியான மேகசினைத்தான் சந்தேகிப்பார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, முன் குறிமுனைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் வளையம். அதுதான் கேஸ் ரெகுலேட்டர்.

7.62 மி.மீ. நேட்டோ தோட்டா வெடிக்கும்போது, அது உட்கார்ந்திருக்கும் அறையான சேம்பருக்குள் காற்றழுத்தத்தைப்போல 3,000 மடங்குக்கும் மேல் அழுத்தம் எழுகிறது. குண்டு குழலில் இருக்கும் சிறு துளையைக் கடந்ததும், மருந்து எரிந்து எழுந்த கேஸில் கொஞ்சம் அதன் வழியே மேலே ஏறி பிஸ்டனைத் தள்ளும். சேம்பரின் பின்வாயை அடைத்துப் பூட்டும் துண்டு போல்ட்; அதைத் தாங்கி நகர்த்துவது போல்ட் கேரியர். பிஸ்டன் போல்ட் கேரியரை ஓர் அடி அடித்துவிட்டு, தன் ஸ்பிரிங்கால் உடனே முன்னால் திரும்பிவிடும். கேரியர் முதலில் சில மில்லிமீட்டர் தூரம் சும்மா நகரும். பிறகுதான் போல்ட்டின் பின்முனையைத் தூக்கிப் பூட்டைத் திறக்கும். அந்த இடைவெளிக்குள் குண்டு வெளியேறி, அழுத்தமும் இறங்கியிருக்க வேண்டும். இந்த ரைபிளின் உயிரே அந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

ரெகுலேட்டரைத் திறந்தால் ஒரு கழிவுத் துளை வழியாக கேஸ் வெளியே போகும்; பிஸ்டனுக்குப் போவது குறையும். மூடினால் கூடும். திறப்பது குறைப்பதற்கு, மூடுவது கூட்டுவதற்கு. புதியவர்கள் தலைகீழாகப் பிடிப்பது இங்கேதான்.

அமைக்கும் வேலை சுடுதளத்தில், பயிற்சியாளர் முன்னால் நடக்க வேண்டும். முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு பிஸ்டன் குழாயின் முன்முனையை மூடியிருக்கும் கேஸ் பிளக்கின் பொத்தானை அழுத்திக் கால் சுற்று திருப்பினால் பிளக் கழன்றுவிடும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தம் இருப்பதால் முகத்தை விலக்கி, விரலால் பிளக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிஸ்டனில் ஒட்டிய கரியைத் துடைத்து, உலர்ந்த நிலையிலேயே திரும்பப் போடுங்கள். அங்கே எண்ணெய் வேண்டாம். சூட்டில் வெந்து கரியாகி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும்.

பிளக்கைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தால் கேஸ் வழியே அடைபட்டுவிடும். அது கிரனேடு ஏவுவதற்கான நிலை. அப்போது ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியிருக்கும். பழுது என்று கொண்டுவரப்படும் ரைபிளில் முதலில் இதைப் பாருங்கள்.

இனி ரெகுலேட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டு, தோளில் நன்றாக அணைத்துச் சுடுங்கள். காலியானதும் போல்ட் தானே பின்னால் நிற்கும் ரகமாக இருந்தால் அது நிற்கிறதா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத ரகத்தில் இரண்டு தோட்டா போட்டு ஒன்றைச் சுட்டு, உறை சுத்தமாக வெளியே விழுந்து இரண்டாவது ஏறியதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரெகுலேட்டரை ஒரு கிளிக் (ஒரு படி) மூடி மறுபடி சுடுங்கள். சரியாக இயங்கும் இடம் கிடைத்ததும் அதே அமைப்பில் ஐந்து முறை சோதியுங்கள். ஐந்தும் தேறினால் இன்னும் இரண்டு கிளிக் மூடுங்கள். கரி, தூசு, குளிர் எல்லாவற்றுக்குமான கையிருப்பு அது.

பிறகும் சிக்குகிறதே என்று முழுவதும் மூடிவிடுவது தவறு. கேஸ் மிகுந்தால் போல்ட் வேகமாக அடித்து பாகங்கள் தேயும், உதை கூடும், உறை வெகுதூரம் பறக்கும்.

கேஸின் அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போரைவிடப் பெரிய பாடம் இல்லை. அங்கே அமெரிக்க வீரர்கள் வைத்திருந்த எம்16 ரைபிளில் கேஸ் நேராக போல்ட் கேரியருக்குள்ளேயே போகும். வீரன் திருகிச் சரிசெய்ய ரெகுலேட்டர் கிடையாது. அப்படியிருக்க, அமெரிக்க ராணுவம் தோட்டாவின் மருந்தை மாற்றியது. துளையருகே அழுத்தம் கூடி, சுடும் வேகம் வரம்பு தாண்டியது. கரியும் அதிகம் படிந்தது. சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லாததால் ஈரத்தில் துரு குழி பறித்தது. உறை அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போல்ட் அதை இழுக்க, விளிம்பு கிழிந்து உறை உள்ளேயே நின்றது. சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. எதிரி முன்னால் நின்று குழலுக்குள் கம்பி விட்டுத் தள்ள வேண்டிய நிலை வீரர்களுக்கு வந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. பின்னர் குரோம் பூசிய சேம்பர் வந்தது.

எஸ்.எல்.ஆரின் மூலம் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் டியுடொனே சேவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைபிள். 1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டிய .303 லீ என்ஃபீல்டுடன் நின்றார்கள். அதன் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையின் 1ஏ1 எஸ்.எல்.ஆர் படைக்கு வந்தது. 1990-களில் ராணுவத்தில் இந்தியாவின் இன்சாஸ் ரைபிள் அதன் இடத்தைப் பிடித்தாலும், போலீஸ் படைகளில் எஸ்.எல்.ஆர் தொடர்ந்தது.

தோட்டாவின் ரகம் மாறினாலோ, மலைக்குளிருக்கு ரைபிள் போனாலோ சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். ரெகுலேட்டர் நின்ற எண்ணை அந்த ரைபிளின் வரிசை எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஒரு ரைபிளின் அமைப்பு பக்கத்து ரைபிளுக்குப் பொருந்தாது.