மணல்மேட்டில் அடும்பு நடுவது எப்படி?

சோழமண்டலக் கரையில் மணல்மேடு கரைந்தால் உடனே சவுக்கு நடச் சொல்வார்கள். சவுக்கு வெளியிலிருந்து வந்த மரம். அதன் அடியில் மெத்தையாகச் சேரும் சருகு தரைக்கொடிகளை எளிதில் வளரவிடாது. மணலைப் பிடிப்பதோ அந்தக் கொடிகள்தான். அதனால் அடும்பில் தொடங்குங்கள்.

ஊரில் அடப்பங்கொடி, ஆட்டுக்கால் என்பார்கள். ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதாப் பூ. ஒரு கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: மணலில் பட்ட கணுக்களில் வேர் இறங்கியிருக்கும். காற்றில் வரும் மணல் இலையில் தடுக்கி விழும். கொடி அதன்மேல் ஏறும். மறுபடி மணல் விழும். மேடு வளர்வது இப்படித்தான்.

முதலில் ஊராட்சியிலும் மீனவர் பஞ்சாயத்திலும் பேசுங்கள். மணல்மேடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டது. படகு இழுக்கும் தடம், வலை காயும் இடம் எதுவென்று அவர்களே காட்டுவார்கள்.

அப்புறம் இடம். காய்ந்த பாசியும் கிளிஞ்சலும் ஒதுங்கிய கோடுகளில் மிக மேலே இருப்பதைப் பார்த்து, அதற்கும் உள்ளே தள்ளி நடுங்கள். பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடும் வெறும் மணலைத் தொடவே வேண்டாம்.

நடும் காலம் ஐப்பசி. ஒரு வருஷம் அவசரப்பட்டு ஆனியில் நட்டேன். அத்தனையும் கருகியது, இன்னும் மனசு ஆறவில்லை.

அதே கரையில் செழித்த கொடிகளிலிருந்து, ஒரே இடத்தை மொட்டையடிக்காமல், ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டுங்கள். துண்டுக்கு நான்கைந்து கணு இருக்கட்டும். ஈரச்சாக்கில் சுற்றி அன்றே நட்டுவிடுங்கள். ஈரமணல் தட்டுப்படும் வரை தோண்டி, மூன்று கணுவைப் புதைத்து, நுனியை வெளியே விட்டு, மணலை அழுத்துங்கள். துண்டுக்குத் துண்டு இரண்டடி. அடுத்த வரிசை முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக வரட்டும். உரம் வேண்டாம். மழை தவறினால் மட்டும் நல்ல தண்ணீர்.

நடுவே இராவணன் மீசை என்னும் கடற்கரைப் புல்லின் வேர்விட்ட துண்டுகளையும் வையுங்கள். இலை ஊசியாகக் குத்தும், கையுறை அவசியம். பெண்செடியின் முள்பந்து காற்றில் உருண்டோடி விதை பரப்பும்.

சுற்றிப் பனைமட்டை வேலி கட்டுங்கள். கால்மிதிதான் இளங்கொடிக்கு எமன். உள்ளே ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, மணல் மட்டத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோடு மணலுக்குள் மறைந்த பிறகு, பின்சரிவில் தாழையும் அதற்கும் பின்னால் புன்னையும் வைக்கலாம்.