மாலம்: ஒரு யார்க்‌ஷயர் கிராமத்தை நடந்து பார்ப்பது எப்படி

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களை நான் பெரும்பாலும் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள மாலம் என்ற சிற்றூருக்கே அனுப்புகிறேன். தேன்நிறக் கல்வீடுகளுக்குப் பெயர்போன தென்பகுதிக் கிராமங்கள் அழகானவைதாம். ஆனால் பலர் அங்கே ஒரு தெருவில் நின்று படம் எடுத்து, தேநீர் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மாலத்தில் அப்படிச் செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஊர் என்று பார்த்தால் ஓர் ஓடை, அதன்மேல் சில சிறு பாலங்கள், சாம்பல்நிறக் கல்வீடுகள், 'பப்' எனப்படும் பழைய மதுவிடுதிகள் இரண்டு, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பார்க்க வேண்டியது ஊரைச் சூழ்ந்திருக்கும் நிலம். அதற்குக் காரோ பேருந்தோ உதவாது, கால்தான் உதவும்.

முதலில் போய்ச் சேரும் வழி. லண்டனிலிருந்து லீட்ஸ் நகருக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம் ஆகும்; லீட்ஸிலிருந்து ஸ்கிப்டனுக்கு இன்னும் முக்கால் மணி நேரம். ஸ்கிப்டனிலிருந்து மாலம் சுமார் 11 மைல். அந்தக் கடைசிப் பதினொரு மைலில்தான் திட்டங்கள் கவிழ்கின்றன, ஏனெனில் கிராமத்துப் பேருந்து நாளுக்குச் சில முறைதான் ஓடும், வார நாளுக்கு ஒரு நேரம், ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு நேரம். முதல் முறை போனபோது வார நாள் அட்டவணையை நம்பி ஒரு ஞாயிறு மாலை நிறுத்தத்தில் நின்று, வராத பேருந்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, கார்க்ரேவ் ரயில் நிலையம் வரை ஏழு மைல் நடந்தேன். ஆற்றோரமாகப் போகும் நல்ல பாதை அது என்பது வேறு விஷயம். நீங்கள் புறப்படுவதற்கு முன்பே திரும்பி வரும் பேருந்தின் நேரத்தைப் பார்த்து, அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசிச் சமிக்ஞை எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஊரின் பெயரை எழுத்துப்படி 'மால்ஹாம்' என்று சொன்னால் ஓட்டுநர் ஒரு கணம் யோசிப்பார். 'மாலம்' என்று சொன்னால் போதும்.

காரில் போவதென்றால், இந்திய, இலங்கை உரிமங்களைக் கொண்டு வருகையாளர்கள் 12 மாதங்கள் வரை ஓட்டலாம். நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான். ஆனால் கிராமத்துச் சாலைகளில் பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும், இருபுறமும் கற்சுவர். எதிரே வண்டி வந்தால், சற்று அகலமாக விடப்பட்டிருக்கும் ஒதுங்கிடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் பின்வாங்க வேண்டும். வழி பெற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கி நன்றி சொல்ல வேண்டும். அந்த விரலைத் தூக்காமல் போவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. வண்டியை ஊரின் தெற்கு முனையில் தேசியப் பூங்கா மையத்தின் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிடுங்கள். வயல் வாயிலுக்கு முன்னால் "ஐந்தே நிமிடம்" என்று நிறுத்துபவர்களால்தான் டிராக்டர் நின்றுபோகிறது.

உடையைப் பொறுத்தவரை ஒரே அறிவுரை: வெயில் அடித்தாலும் மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஜீன்ஸ் அணியாதீர்கள். நனைந்த ஜீன்ஸ் காய்வதில்லை, காற்று வீசினால் கால் விறைத்துவிடும். அடி வழுக்காத காலணி அவசியம். ஏன் என்பது மாலம் கோ (Cove) என்ற பெரும் சுண்ணாம்புப் பாறைச்சுவரின் உச்சியில் நிற்கும்போது தெரியும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் நான் பின்னால் சொல்லும் சுற்றுப்பாதையை அவர்கள்மேல் திணிக்க வேண்டாம். மாலம் கோவின் அடிவாரம் வரை போகும் பாதை பெரும்பாலும் சமமானது, செப்பனிடப்பட்டது. மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அதற்கு மேல் சேலையோடு சுவர்ப்படி ஏறுவது சிரமம்.

வரைபடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைத் திறக்கும் சாவி அதுதான். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல் 2 என்ற தாளை வாங்குங்கள். 1:25,000 அளவுகோலில் அமைந்த அதில் ஒவ்வொரு வயலின் சுவரும் கோடாகத் தெரியும். அதில் பச்சைப் புள்ளிக்கோடுகள் ஓடுவதைக் காண்பீர்கள். அவை பொதுவழிகள். நிலம் ஒரு விவசாயிக்குச் சொந்தமாக இருந்தாலும், அந்தக் கோட்டின் வழியே நடக்கும் உரிமை சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. ஒருவருடைய முற்றத்தின் ஊடே கோடு போனால் முற்றத்தின் ஊடேயே போகலாம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. இதைத் தவிர, 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டுநிலங்களிலும் புறம்போக்கான மேய்ச்சல் வெளிகளிலும் பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமையையும் தந்தது. வரைபடத்தில் வெளிர்மஞ்சள் பூசிய பகுதிகள் அவை. முதல் முறை ஒருவருடைய வயலுக்குள் நுழையும்போது நம்மவர்களுக்குக் கால் கூசும். கூச வேண்டாம், கோட்டை விட்டு விலகாமல் இருந்தால் போதும்.

வரைபடத்தில் உள்ள பெயர்களும் பேசும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இப்பகுதியில் குடியேறிய நார்ஸ் மக்களின் சொற்கள் இன்னும் அப்படியே புழங்குகின்றன: பெக் என்றால் ஓடை, ஃபாஸ் என்றால் அருவி, டார்ன் என்றால் மலைமேல் உள்ள சிறு ஏரி, டேல் என்றால் பள்ளத்தாக்கு. இந்த நான்கையும் தெரிந்துகொண்டால், தாளைப் பார்த்தே எங்கே தண்ணீர் இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இனி நடை. ஏறத்தாழ 5 மைல் சுற்று. நின்று பார்த்து நடந்தால் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பலர் நேரே மாலம் கோவுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். ஊருக்குள் ஓடையைக் கடந்து, அதன் கிழக்குக் கரையோடு சிறிது தூரம் தெற்கே போய், பலகை காட்டும் இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் வயல்களின் ஊடே ஒரு பாதை கிழக்கே போகும். இந்த ஓடைக்கு ஒரு கதை உண்டு. இடைக்காலத்தில் அதன் மேற்கு நிலம் ஃபவுண்டன்ஸ் என்ற கிறித்தவத் துறவிகள் மடத்துக்கும், கிழக்கு நிலம் போல்டன் மடத்துக்கும் சொந்தமாக இருந்தது. இரு மடங்களுக்கும் செல்வம் ஆட்டு ரோமத்திலிருந்தே வந்தது. மடங்கள் 1539இல் மூடப்பட்டன. ஆடுகள் மட்டும் போகவில்லை.

வயல்களைப் பிரிக்கும் சுவர்களை ஒரு முறை நின்று அருகில் பாருங்கள். சாந்து கிடையாது, மண் கிடையாது. இரண்டு வரிசைக் கற்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து மேலேறுகின்றன. நடுவில் சிறு சல்லிகள். ஆங்காங்கே இரு வரிசையையும் குறுக்கே கோத்துப் பிடிக்கும் நீண்ட கற்கள். உச்சியில் செங்குத்தாக அடுக்கிய கனமான கற்கள். எடைதான் பிடிமானம். அதனால்தான் அவற்றின்மேல் ஏறக் கூடாது என்கிறார்கள்: ஒரு கல் நழுவினால் ஒரு கெஜம் சரியும், மறுநாள் ஆடுகள் சாலையில் நிற்கும். கடப்பதற்கென்றே சுவரில் நீட்டிவிட்ட கற்படிகளோ, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கான குறுகிய இடைவெளியோ இருக்கும். வாயில் வந்தால் திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். திறந்த வாயிலை நல்லெண்ணத்தில் மூடினால் அப்பால் தண்ணீருக்குப் போக வேண்டிய மாடுகள் அடைபட்டுப்போகும். உலர்புல்லுக்காக வளர்த்த புல்வெளியில் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். ஏப்ரல் மாதம் குட்டி ஈனும் காலம். தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைத் தூக்கிக் கொஞ்சாதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்தின் நடுவே மட்டும் போக வேண்டாம். நம் ஊர்ப் பசுவின் சாதுவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அகலமாகச் சுற்றிப் போய்ப் பிறகு பாதைக்குத் திரும்புங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பாதை ஒரு மரச்சோலைக்குள் நுழையும். ஏப்ரல், மே மாதங்களில் தரை முழுவதும் காட்டுப்பூண்டு பூத்து, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும். முடிவில் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சிறு அருவி. ஜேனட் என்பவள் அதன் பின்னால் உள்ள குகையில் வாழும் தேவதைகளின் அரசி என்பது ஊர்க்கதை. அருவியின் கீழ்க் குளத்தில் முன்பு ரோமம் கத்தரிப்பதற்கு முன் ஆடுகளைக் குளிப்பாட்டுவார்கள்.

சோலையை விட்டுச் சாலைக்கு ஏறி வலப்பக்கம் சற்று நடந்தால் கோர்டேல் ஸ்கார். தொலைவிலிருந்து சாதாரணப் பாறைச்சரிவு போலத் தெரியும். ஒரு வளைவு திரும்பியதும் இரு பக்கமும் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறைச்சுவர்கள் தலைக்குமேல் குனிந்து நிற்கும், நடுவில் ஓடை இரண்டு படியாக விழும். ஜேம்ஸ் வார்ட் என்ற ஓவியர் இதை வரைய 14 அடி அகலத் துணி வேண்டியிருந்தது. அந்த ஓவியம் இப்போது லண்டனின் டேட் பிரிட்டன் காட்சியகத்தில் இருக்கிறது. அருவியின் பக்கவாட்டில் சிலர் தொற்றி ஏறுவதைப் பார்ப்பீர்கள். அனுபவம் இல்லாதவர்கள் ஏற வேண்டாம். பாறை ஈரமானது, ஏறியவர்களுக்கு இறங்குவதுதான் கடினம். வந்த வழியே சாலைக்குத் திரும்புங்கள்.

பாலத்தைக் கடந்ததும் வலப்புறம் பிரியும் பாதை மேட்டில் ஏறி, ஒரு சிறு சாலையைக் குறுக்கே தாண்டி, மாலம் கோவின் உச்சிக்குப் பின்பக்கமாக உங்களைக் கொண்டுவரும். இப்படி வருவதில்தான் சுவை. புல்வெளி முடிந்து சாம்பல்நிறப் பாறைத்தளம் விரியும். திடீரென்று அதுவும் முடிந்துவிடும், கீழே 80 மீட்டர் வெறும் காற்று. பனியுகத்தின் இறுதியில் உருகிய பனியாற்று நீர் இந்த 300 மீட்டர் அகல விளிம்பிலிருந்து பெரும் அருவியாக விழுந்தது. இன்று மேலே தண்ணீரே இல்லை, எல்லாம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் போய்விட்டது. 2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் மட்டும், உயிரோடு இருப்பவர்கள் யாரும் பார்த்திராதபடி, சில மணி நேரம் அருவி மீண்டும் விழுந்தது. மாலம் டார்ன் ஏரியிலிருந்து வரும் ஓடை கோவுக்குச் சற்று மேலே நிலத்துக்குள் மறைகிறது. கோவின் அடியிலும் ஓர் ஓடை வெளிவருகிறது. அது இதுதான் என்று யாரும் நினைப்பார்கள். இல்லை. ஏரியின் நீர் ஊருக்குத் தெற்கே உள்ள ஊற்றுகளில் வெளிவருகிறது. கோவின் அடியில் வருவது வேறொரு இடத்தில் மறைந்த நீர்.

பாறைத்தளத்தில் மேடாக உள்ள கற்பாளங்களைக் கிளின்ட் என்றும், இடையே உள்ள ஆழ்ந்த வெடிப்புகளைக் கிரைக் என்றும் சொல்கிறார்கள். மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து வெட்டியவை அவை. குனிந்து ஒரு கிரைக்குக்குள் பாருங்கள்: மேலே காற்றில் ஒரு புல்லும் நிற்காத இடத்தில், முழங்கை ஆழத்தில் ஈரமும் நிழலும் சேர்ந்து, நாக்கு வடிவ இலைகளோடு பெரணிகள் பச்சைப்பசேலென்று வளர்ந்திருக்கும். பார்த்து முடித்தபின் நிமிர்ந்து, நின்ற இடத்தில் நின்றே படம் எடுங்கள். எத்தனையோ பேர் மிதித்து அந்தக் கற்கள் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டன. திரையைப் பார்த்தபடி ஓரடி வைத்தால் கணுக்கால் வெடிப்புக்குள் போய்விடும். மழையில் இன்னும் மோசம். அடிபட்டு நடக்க முடியாமல் போனால் 999 எண்ணில் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருபவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள்.

தளத்தின் மேற்கு ஓரத்தில் சுமார் 400 கற்படிகள் இறங்குகின்றன. இது பென்னைன் வே என்ற 268 மைல் நெடும்பாதையின் ஒரு பகுதி. 1965 ஏப்ரல் 24 அன்று அதன் திறப்பு விழா இந்த மாலம் மேட்டில்தான் நடந்தது. அடிவாரத்தில் நின்று பாறைமுகத்தை அண்ணாந்து பாருங்கள். பொரி வல்லூறுகள் அங்கே கூடு கட்டுகின்றன. வசந்த காலத்தில் தொலைநோக்கி வைத்து வருபவர்களுக்குக் காட்டும் ஏற்பாடும் உண்டு.

பசியோடு ஊர் திரும்பும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: விடுதி திறந்திருப்பது வேறு, அதன் சமையலறை திறந்திருப்பது வேறு. பல கிராமத்து விடுதிகளில் பிற்பகலில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மாலையில்தான் மறுபடி சாப்பாடு. மேசையில் உட்கார்ந்து பணியாளுக்காகக் காத்திருப்பதிலும் பயன் இல்லை. மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுன்டருக்குப் போய், சொல்லி, பெரும்பாலும் அங்கேயே பணமும் கொடுத்துவிட வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பணியாள் உங்களை முதலில் கேட்டாலும், முன்னால் வந்தவரைக் கைகாட்டினால் அவர் உங்களை மறக்க மாட்டார். மது வேண்டாம் என்பதால் உள்ளே போகத் தயங்க வேண்டியதில்லை, தேநீர் கேட்டால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. சைவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: உருளைக்கிழங்கு வறுவல் எந்தக் கொழுப்பில் பொரிக்கப்படுகிறது? யார்க்‌ஷயரில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், சில இடங்களில் இன்றும் உண்டு.

பகலில் வருபவர்கள் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய அதன்பின் இன்னும் நாலரை மணி நேரம் இருக்கும். அதனால் முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். 'வங்கி விடுமுறை' எனப்படும் பொது விடுமுறை சேர்ந்த வார இறுதிகளைத் தவிருங்கள், அன்று கூட்டத்தைத்தான் பார்க்க முடியும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் நடையைக் காலையிலேயே தொடங்க வேண்டும். தங்கும் இடத்தில், காலை உணவில் என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். ஏழு மணிக்கு எழுந்து, யாரும் வருவதற்கு முன் கோவின் அடிவாரம் வரை ஒரு முறை போய்வந்தால், திரும்பும்போது மேசையில் முட்டையும் காளானும் சூடாக இருக்கும்.