இருட்டுவதற்குள் கூடாரம்: குரூகர் பூங்காவுக்குக் குடும்பத்தோடு முதல் பயணம்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படும் டர்பன் தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்பது, எந்தக் கூடாரம் வாங்குவது, எந்த அடுப்பு வாங்குவது என்றுதான். கடைக்குப் போவதற்கு முன் மனத்தில் பதிய வேண்டியது வேறு. காட்டில் எஜமான் சூரியன். பூங்கா வாசல் திறப்பதும் மூடுவதும், கூடாரம் அடிப்பதும், சோறு வேகுவதும், பிள்ளைகளின் பொறுமை தீர்வதும் பகல் வெளிச்சத்தோடு கட்டுண்டவை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இருட்டுவதற்குள் வேலையை முடிக்கும் வழிதான்.

படி 1: ஒத்திகைக்கு டிராக்கன்ஸ்பெர்க்

முதல் பயணமே குரூகருக்கு வேண்டாம். ஏறக்குறைய 700 கி.மீ. ஓட்டிப் போய், களைத்த பிள்ளைகளோடு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கூடாரத்தைப் பிரித்துப் பார்ப்பது வீண் வம்பு. டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரிலுள்ள ராயல் நேட்டால் தேசியப் பூங்காவில் மஹாய் என்ற முகாம் இருக்கிறது. டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் போய், விண்டர்டன், பெர்க்வில் பக்கம் திரும்பினால் மூன்று மணி நேரத்தை ஒட்டிச் சேர்ந்துவிடலாம். பக்கத்திலேயே ஓடை, பிள்ளைகள் நடக்கக்கூடிய பாதைகள், நிமிர்ந்து பார்த்தால் 900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள துகேலா அருவி விழும் மலைச்சுவர். சிங்கமும் இல்லை, மலேரியாவும் இல்லை. வார இறுதியில் இரண்டு இரவு தங்கினால் போதும். எந்தச் சாமான் தேவை, எது வெறும் சுமை என்பது தானாகத் தெளிந்துவிடும். குளிர்காலத்தில் அங்கே விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரைத் தாங்கும் போர்வை குரூகரில் தாராளமாகப் போதும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை பள்ளி விடுமுறைதான் குரூகருக்கு ஏற்ற காலம். புல் காய்ந்து, புதர் இலை உதிர்த்து நிற்பதால் விலங்குகள் கண்ணில் படும். தண்ணீர் வற்றுவதால் அவை ஆற்றங்கரைக்கு வந்தே ஆக வேண்டும். மழையும் அநேகமாக இருக்காது. கொசுவும் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். குரூகர் மலேரியாப் பகுதி. கோடையில் அபாயம் அதிகம். எந்த மாதமானாலும் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் குறித்த நாள்வரை சாப்பிட வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்த வருடம் குரூகரை விட்டுவிட்டு டிராக்கன்ஸ்பெர்க்கிலேயே இருந்துவிடுவது நல்லது.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்க விடுமுறையும் மோசமில்லை. ஆனால் அது பெரும்பாலும் புரட்டாசியில் விழும். ஆயா (பாட்டி) வருகிறார் என்றால் இறைச்சிப் பேச்சே கிடையாது. பக்கத்துக் கூடாரத்தில் தணலில் சுடும் ஆட்டிறைச்சி பிராய் மணக்கும்போது நீங்கள் சோளக் கதிரைச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள். சுட்ட சோளத்தில் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவினால் அது ஒன்றும் தியாகமில்லை.

படி 3: பதிவு செய்யுங்கள்

தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் நிறுவனத்தின் முகாம்களுக்குப் பதினொரு மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம். விடுமுறை நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சித்தப்பா குடும்பம் வருகிறதா இல்லையா என்று முடிவாகட்டும் எனக் காத்திருந்தால் இடம் போய்விடும். ஒரு கூடார மனையில் அதிகபட்சம் ஆறு பேர். அதற்கு மேல் ஆள் இருந்தால் இரண்டு மனைகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். மனை வாடகை வேறு, ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று வாங்கும் பாதுகாப்புக் கட்டணம் வேறு. நாட்டுக் குடிமக்களுக்கு அது குறைவு என்பதால் எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் தங்குவதாக இருந்தால் ஆண்டு முழுவதும் செல்லும் நுழைவு அட்டையான வைல்டு கார்டு லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் தடவைக்கு லோயர் சாபி அல்லது பெர்க்-என்-டால் முகாம் என்பேன். இரண்டும் தெற்கே, வாசலிலிருந்து அதிகத் தொலைவில்லை. கடை, சுடுநீர்க் குளியலறை, மனைக்கு மின்சார வசதி எல்லாம் உண்டு. பழகிய பிறகு ஓலிஃபன்ட்ஸ் ஆற்றுப் பக்கம் பலுலே முகாமுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இன்றும் மின்சாரம் கிடையாது. நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் தங்குவதற்கென்று விடப்பட்ட இடம் அது. 1926இல் தேசியப் பூங்காவான ஒரு காட்டைப் பற்றி நம் தாத்தாமார் கதை சொல்லாமல் போனதற்குக் காசில்லாதது மட்டும் காரணமில்லை.

படி 4: சாமான்களும் வண்டியும்

கூடாரத்தைக் கடையில் எழுதியிருக்கும் தலைக்கணக்கை நம்பி வாங்காதீர்கள். நாலு பேருக்கு என்றால் நாலு பேர் அசையாமல் படுக்கலாம் என்று பொருள். பையும் பாயும் எங்கே வைப்பது? நால்வர் குடும்பத்துக்கு ஆறு பேர் கூடாரம் சரி. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் குரூகர் தரையில் இரண்டு அடிக்கே வளைந்துவிடும். கனமான எஃகு முளைகளும் நல்ல சுத்தியலும் தனியாக வாங்குங்கள். மனையிலுள்ள மின்கம்பத்தில் வீட்டு பிளக் பொருந்தாது. கேரவன்களுக்குப் பயன்படுத்தும் நீல நிற மூன்றுமுனை பிளக் வைத்த நீள வயர் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கும்தான், இல்லாவிட்டால் உங்களுடையதைப் பிடுங்குவார்கள்.

சாமான் அதிகமாகி டிரெய்லர் இழுப்பதாக இருந்தால் உரிமத்தைப் பாருங்கள். சாதாரண கார் உரிமத்தில் 750 கிலோ வரையுள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். சுமை ஏறிய பிறகு டயர் காற்றைச் சரிபாருங்கள், உதிரிச் சக்கரத்திலும்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம்.

படி 5: ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள்

டர்பனிலிருந்து என்2 வழியாக வடக்கே பொங்கோலா, பிறகு எம்கோண்டோ, பார்பர்டன், மலலேன் என்பது நாட்டுக்குள்ளேயே போகும் பாதை. எஸ்வாத்தினி நாட்டுக்குள் புகுந்து போனால் தூரம் குறையும். ஆனால் எல்லோருக்கும் பாஸ்போர்ட், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், கார் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் என்று காகிதங்கள் சேரும்; எல்லைச் சாவடியும் இரவில் மூடப்படும். முதல் தடவைக்கு உள்நாட்டுப் பாதையே நிம்மதி.

அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டு அன்றைக்கே போய்ச் சேர்வதைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். நிலக்கரியும் மரமும் ஏற்றிய லாரிகளை அந்தச் சாலையில் முந்திக்கொண்டே இருக்க வேண்டும். பல இடங்களில் சாலை குண்டும் குழியுமாக இருக்கும். இருட்டில் மாடுகள் தார்ச்சாலையிலேயே நிற்கும். பொங்கோலாவை ஒட்டி ஓர் இரவு தங்கிவிடுங்கள். பாதி வழி அதுதான். சுற்றிலும் கரும்புக்காடு என்பதால், டர்பனுக்குப் பக்கத்துக் கரும்பு ஊரான டொங்காட்டை இன்னும் தாண்டவில்லையா என்று பின்னிருக்கையிலிருந்து குரல் வரும். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், பார்பர்டன் மலைப்பாதையை நிதானமாக ஏறி இறங்கி, மதியத்துக்குச் சற்றுப் பின் மலலேன் வாசலில் நிற்கலாம்.

மே முதல் ஜூலை வரை பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடும். மற்ற மாதங்களில் நேரம் மாறும் என்பதால் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. யானைக் கூட்டம் வழியை மறித்தால் அந்த வேகமும் கிடையாது. ஆகவே வாசலிலிருந்து முகாமுக்குப் போகும் நேரத்தை வீட்டுக் கணக்கில் போடாமல், மணிக்கு 25 கி.மீ. என்று வைத்துப் போடுங்கள். மூன்று மணிக்கு முகாமில் இருக்க வேண்டும் என்பதே இலக்கு.

படி 6: கூடாரம் அடித்தல்

முதலில் இடம். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். கீழே எறும்புப் புற்று இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மதிய வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்று கவனித்து நிழல் தேடுங்கள். தரையிலுள்ள கல்லையும் முள்ளையும் பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. அக்கேசியா முள் செருப்பையே துளைக்கும்.

தரைவிரிப்பைப் போடும்போது அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத்தண்ணீரை அதுவே ஏந்தி உங்கள் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். கூடாரத்தை விரித்ததும், கம்பிகளைக் கோப்பதற்கு முன்பே காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளை முளையடித்துவிடுங்கள். பிறகு எதிர் மூலைகளை இழுத்து, தரைத் துணி சுருக்கமில்லாமல் படியும்படி அடியுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் மண் சிமெண்டுத் தரையாக இறுகியிருக்கும். அடிக்கு அடி மணியோசை கேட்குமே தவிர முளை இறங்காது. அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு அடித்தால் இறங்கும். அதற்குள் பக்கத்து மனையிலிருந்து ஓர் ஆப்பிரிக்கான்ஸ் பெரியவர் நாலு கிலோ சுத்தியலோடு வந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "டாங்கி, ஊம்" (நன்றி, மாமா) என்று அவர் மொழியிலேயே நன்றி சொல்லி வாங்கி அடியுங்கள். ராத்திரி அவருக்கு ஒரு கிண்ணம் கறி அனுப்பினால் கணக்கு நேர்.

கடைசியாகக் கயிறுகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். இருட்டில் குளியலறைக்கு ஓடும் பிள்ளை தடுக்கி விழாது.

படி 7: முதல் ராத்திரிச் சாப்பாடு

மூன்றுகால் இரும்புப் பானையில் ஆட்டுக்கறி சமைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். விறகு எரிந்து தணலாகி, கறி வேக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. முதல் ராத்திரிக்கு டின் மீன் கறியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கேஸ் அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம், பச்சைமிளகாய். வெங்காயம் சிவந்ததும் வீட்டு மசாலா. அது அடிப்பிடிப்பதற்குள் நறுக்கிய தக்காளி, மீன் டின்னிலுள்ள சாறு, கொஞ்சம் புளித்தண்ணீர். குழம்பு கெட்டியாகி எண்ணெய் மேலே மிதக்கும்போதுதான் மீனை மெல்ல இறக்க வேண்டும். அதற்குப் பிறகு கரண்டி கூடாது. சட்டியைப் பிடித்து ஒரு குலுக்கு. வீட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த ரொட்டி இருந்தால் அரை மணியில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கலாம்.

விறகைப் பூங்காவுக்குள் பொறுக்கக் கூடாது. முகாம் கடையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

சிங்கத்தைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது வெர்வெட் குரங்கை. மேசையில் வைத்த ரொட்டிப் பொட்டலம் நீங்கள் தட்டு எடுக்கத் திரும்பும் நேரத்தில் மரத்தில் இருக்கும். கூடாரத்து ஜிப்பைத் திறக்கவும் அவற்றுக்குத் தெரியும். இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்து ஒரு கொக்கி மாட்டுங்கள். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமல் காரில் பூட்டுங்கள். வேலிக்கு வெளியே கழுதைப்புலி வந்து நிற்பதுண்டு. அதற்கு எலும்பு வீசுவது இரக்கம் இல்லை, குற்றம். படுக்கும் முன் காலணிகளை உள்ளே எடுத்து வையுங்கள். காலையில் உதறிவிட்டுப் போடுங்கள்; தேளுக்கும் குளிர் உண்டு.

படி 8: விலங்கு பார்க்கப் போதல்

வாசல் திறக்கும் நேரத்தில் வண்டி தயாராக இருக்கட்டும். பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக் காரில் போட்டு, பால் கலந்த தேநீரையும் ரஸ்கையும் போகும் வழியில் கொடுங்கள். முதல் மூன்று மணி நேரம்தான் பொன்னான நேரம். பத்து மணிக்கு மேல் சிங்கமும் தூங்கும், பிள்ளைகளும் தூங்குவார்கள்.

லோயர் சாபியிலிருந்து ஸ்குகுசாவுக்கு ஆற்றை ஒட்டிப் போகும் எச்4-1 சாலை புதியவர்களுக்கு ஏற்றது. இடையில் ன்குலு என்ற சிற்றுண்டித் தலத்தில் கழிப்பறை உண்டு. குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது என்பதால், எந்தக் கழிப்பறை எத்தனை கி.மீ. தொலைவில் என்று வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கத்தைத் தேடுவது அப்புறம்.

யானை எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி, பின்னே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகாதீர்கள். ஹார்ன் வேண்டாம். தனி ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் ஒழுகினால், புகைப்படத்தை மறந்து மெல்லப் பின்வாங்குங்கள். இளையவர்கள் யாரும் ஜன்னலில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாமாமார்களையும்தான்.

பிள்ளைகளிடம் சிங்கம் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு தாளில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, ஆமை, பருந்து என்று எழுதிக் கொடுங்கள். சாணி வண்டு பார்த்தால் இரண்டு மதிப்பெண். ஐந்து வயதுக்காரி ஜெயித்துவிடுவாள். அவள் பார்ப்பது தரையைத்தான். மாலையில் மறுபடி போவதானால், வாசல் மூடுவதற்கு அரை மணி முன்பே முகாமுக்கு அருகில் இருங்கள். தாமதித்தால் அபராதம்.

படி 9: கூடாரத்தைக் கழற்றுதல்

புறப்படும் நாள் காலையில் விலங்கு பார்க்கப் போக வேண்டாம். பனி ஈரத்தோடு கூடாரத்தை மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். வெளித்துணியைக் கழற்றி வேலிக் கம்பியில் போடாமல், இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி உலர்த்துங்கள். முளைகளை எண்ணி எடுங்கள். மண்ணில் மறந்த முளை அடுத்தவர் டயருக்கு எமன். ஈரம் மிச்சமிருந்தால் வீட்டுக்குப் போனதும், துணிமணி துவைப்பதற்கு முன்னால், கூடாரத்தைக் கொடியில் விரித்துப் போட்டுவிடுங்கள்.